கம்பி காலை உரசட்டும்

மும்பையில் சயான், தாராவி, மாட்டுங்கா பக்கம் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் ஒரு வசனம் காதில் விழும்: "பீட் சீதா ரக்!" முதுகை நேரா வை என்று அர்த்தம். பாதி நேரம் ட்ரெய்னர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே இதைச் சொல்லுவார். சொல்வதில் தப்பில்லை, ஆனால் இது மட்டும் போதாது என்பது என் கட்சி. முதுகை விறைப்பாக நேரே வைத்துத் தூக்கிவிட்டு மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். டெட்லிஃப்ட், அதாவது இரண்டு முனையிலும் பிளேட் என்கிற இரும்புத் தட்டு மாட்டிய கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் பயிற்சி, போடும்போது அவர்களைப் பக்கவாட்டில் நின்று கவனித்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் கண்ணில் படும்: கம்பி காலை விட்டு விலகி, கால் கட்டைவிரலுக்கு மேலே போய்த் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கொஞ்சூண்டு விலகலால் முதுகுக்கு எவ்வளவு சுமை கூடுகிறது என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள். அவற்றுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கைத்தான் ஜவ்வு என்கிறோம். ஜவ்வு விலகிடுச்சு என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது பெரும்பாலும் அதன் அடிப்பகுதியில்தான் நடக்கிறது, ஸ்கேன் ரிப்போர்ட்டில் எல்4–எல்5, எல்5–எஸ்1 என்று போட்டிருப்பார்கள். இந்த எலும்புகளை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் அவற்றுக்குப் பின்னால் சுமார் 5, 6 செ.மீ. தூரத்தில்தான் இருக்கின்றன. கையில் தொங்கும் எடையோ முன்பக்கம் அதைப்போலப் பல மடங்கு தூரத்தில். அதனால் 100 கிலோவைத் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகுத்தசை ஏற்கெனவே அதைவிடப் பல மடங்கு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலைமையில் கம்பி இன்னும் 5 செ.மீ., அதாவது மூன்று விரல் அகலம், முன்னால் போனால் தசை தோராயமாக இன்னொரு 100 கிலோ அளவுக்குக் கூடுதலாக இழுக்க வேண்டும், அந்த இழுவை முழுக்க ஜவ்வின் மேல் அழுத்தமாக இறங்கும். பிளேட் ஒன்றுகூட நீங்கள் ஏற்றவில்லை, கம்பி மட்டும் மூன்று விரல் நகர்ந்திருக்கிறது.

வாஷி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளிகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இது புரியும். மூட்டை தலையில் இருக்கும், அல்லது முதுகின் மேல்பக்கத்தில் இருக்கும். இரண்டு பேர் தூக்கிக் கொடுக்க, மூன்றாவது ஆள் அடியில் புகுந்து வாங்கிக்கொள்வார். கையை நீட்டி மூட்டையை முன்னால் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நம் ஊர் இளவட்டக்கல்லும் அப்படித்தான். இங்கே தாராவித் தமிழர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் திருநெல்வேலி, தூத்துக்குடி. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பிடிமானமே இல்லாத வழுவழுப்பான உருண்டைக் கல். குத்தவைத்து உட்கார்ந்து, கட்டிப் பிடித்து, முழங்காலுக்குக் கொண்டுவந்து, நெஞ்சோடு அணைத்து, தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட வேண்டும். அதைத் தூக்குகிறவரின் முதுகு நேராகவா இருக்கிறது? இருக்கவே முடியாது, வளைந்துதான் இருக்கும். ஆனால் கல் வயிற்றை விட்டு ஒரு நூல்கூட விலகாது. இதைச் சொன்னதும், "அப்போ பார்பெல்லையும் முதுகை வளைச்சுத் தூக்கலாமா?" என்று கேட்க ஒருவர் கிளம்பி வருவார். வேண்டாம். வளைவு என்றாலே விஷம் என்று பயப்படத் தேவையில்லை, அவ்வளவுதான். ஆபத்தானது, பழக்கமில்லாத எடைக்கு நடுவில் முதுகின் வடிவம் மாறுவது. நேராக ஆரம்பித்து முழங்கால் வரும்போது மடங்கிப் போகிறது பாருங்கள், அந்த மடங்கல்.

போன மழைக்காலத்தில் எங்கள் ஜிம்முக்கு வரும் ஒரு பையன் கேட்டான். தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை, நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து குனிந்தே தைப்பவன். "அண்ணே, டெட்லிஃப்ட் போட்டா மறுநாள் நடு முதுகு புடிச்சுக்குது. விட்டுரலாமான்னு பாக்கேன்." தூக்கிக் காட்டச் சொன்னேன். இரண்டு பக்கமும் பத்து கிலோ பிளேட் ஒன்றொன்று, நடுவில் ஏழடி ராடு. அவன் குனிந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். டெட்லிஃப்ட் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் எல்லாமே அந்த உயரத்தை வைத்துத்தான். நம் ஜிம்களில் கிடக்கும் பத்து கிலோ இரும்புத் தட்டு அதைவிட நன்றாகச் சின்னது. கம்பி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கிடக்கிறது. அவ்வளவு கீழே போனால் பெரும்பாலானவர்களுக்கு இடுப்பு மடங்கும் எல்லை முடிந்துபோய், மிச்சத்தை முதுகு மடங்கித்தான் ஈடுகட்டும். எடை குறைவாக இருக்கிற புது ஆட்களுக்கே தொடங்கும் உயரமும் குறைவாக இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்!

ஒவ்வொரு பக்கமும் பிளேட்டுக்கு அடியில் இரண்டு தட்டுகளைப் படுக்கவைத்துக் கம்பியை ஏற்றினேன். கம்பி பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே வரும்படி நிற்கச் சொன்னேன், அதாவது முன்னங்காலுக்கும் (முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம்) கம்பிக்கும் நடுவில் இரண்டு, மூன்று செ.மீ. இடைவெளி. விரல் நுனியிலிருந்து குதிகால் வரைக்கும் உள்ள முழு நீளத்துக்கும் நடுவில் வருவதுதான் பாதத்தின் நடு. பலரும் கண்ணுக்குத் தெரியும் முன்பாதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக் கம்பியைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து கம்பியைப் பிடித்தான். கம்பியை நகர்த்தாமல், முழங்காலை முன்னே கொண்டுவந்து முன்னங்காலைக் கம்பியில் முட்ட வைக்கச் சொன்னேன்.

"கால்ல உரசுதேண்ணே."

"உரசட்டும்டே."

அப்புறம் நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தி, அக்குள் இரண்டையும் இறுக்க வேண்டும். கூட்டமான லோக்கல் ரயிலில் அக்குளில் பையை இடுக்கிக்கொண்டு நிற்போமே, அந்த இறுக்கம். இது இருந்தால்தான் கம்பி முன்னால் ஓடாது. உடனே தூக்கிவிடக் கூடாது. முதலில் கம்பியை லேசாக மேல்நோக்கி இழுத்தால் ராடுக்கும் பிளேட்டின் ஓட்டைக்கும் நடுவில் இருக்கும் தொளதொளப்பு அடங்கி 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'டக்' கேட்ட பிறகுதான் தரையைக் காலால் உதைத்து எழ வேண்டும். இதைச் செய்யாமல் வெடுக்கென்று பிடுங்குகிறவர்களுக்கு முதல் நொடியிலேயே கை நீண்டு, தோள் இறங்கி, முதுகு மடங்கிவிடுகிறது. அவன் எழுந்தான், கம்பி அவனுடைய டிராக் பேன்ட்டில் துருக் கோடு போட்டுக்கொண்டே மேலே வந்தது. எங்கள் ஜிம்மில் ஒழுங்காகத் தூக்குகிற ஆள் யார் என்று தெரிய வேண்டுமா, பேன்ட்டின் முன்பக்கம் பாருங்கள்.

மேலே வந்ததும் நேராக நின்றால் போதும். பின்னால் சாய்ந்து இடுப்பை முன்னே துருத்தி போஸ் கொடுப்பது எதற்கென்று எனக்குப் புரிவதில்லை. தசைக்கு அதில் ஒரு லாபமும் கிடையாது, கீழ்முதுகின் மூட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதுதான் மிச்சம். இன்னொன்று, கம்பி தரையை விட்டுக் கிளம்பும் முன்பே பிட்டம் மட்டும் மேலே போகிறதா? அப்படியானால் ஒன்று நீங்கள் ஸ்குவாட் (தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) போல ரொம்பத் தாழ உட்கார்ந்து தொடங்குகிறீர்கள், அல்லது எடை அதிகம். கால் செய்ய வேண்டிய வேலை மொத்தமும் முதுகுக்குப் போய்விடும்.

இறக்குவது பற்றி யாரும் பேசுவதே இல்லை. மும்பையில் பாதி ஜிம்கள் மாடியில், கீழே கடையோ வீடோ இருக்கும், சத்தம் போட்டால் ஓனர் வந்துவிடுவார். அதனால் எல்லோரும் குழந்தையைக் கிடத்துகிற பதனத்தில் கம்பியை மெதுவாக இறக்குகிறார்கள், அதையும் முழங்காலை முதலில் மடக்கி. முழங்கால் முன்னே வந்துவிட்டால் கம்பிக்கு வழி அடைபட்டு, அது சுற்றிக்கொண்டு முன்னால் போகும், அந்த மூன்று விரல் கணக்கு மறுபடி ஆரம்பம். இடுப்பைப் பின்னால் தள்ளுவது முதலில், கம்பி தொடையை உரசியபடி முழங்காலைத் தாண்டிய பிறகுதான் முழங்காலை மடக்குவது. சத்தம் வராமலிருக்கத் தடிமனான ரப்பர் மேட் போடச் சொல்லி ஓனரிடம் சண்டை போடுங்கள், முதுகை மெத்தையாக்க வேண்டாம்.

மூச்சு விஷயத்தில்தான் பெரிய குழப்பம். "தூக்கும்போது மூச்சை விடு" என்று எல்லோருக்கும் ஒரே மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சின்ன டம்பெல்லுக்கு அது சரி. கனமான டெட்லிஃப்டுக்கும் ஸ்குவாட்டுக்கும் மூச்சை வயிறு வரை இழுத்து, அடைத்து, வயிற்றைச் சுற்றிலும் இறுக்கி, கடினமான இடத்தைத் தாண்டிய பிறகு விட வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிறந்த இத்தாலிய உடற்கூறு அறிஞர் வால்சால்வாவின் பெயரால் இதை வால்சால்வா முறை என்கிறார்கள். வயிற்றுக்குள் கூடும் அழுத்தம் முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து முட்டுக்கொடுக்கிறது. எப்படி இறுக்குவது என்று தெரியாவிட்டால் விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு தடவை இருமிப் பாருங்கள். விரலை வெளியே தள்ளுகிறதே, அந்த இறுக்கம்தான். பலர் நெஞ்சை உப்பிக்கொண்டு வயிற்றை உள்ளே இழுக்கிறார்கள், அது கண்ணாடிக்கு. பி.பி., இதயக் கோளாறு, குடலிறக்கம் இருப்பவர்கள் மட்டும் மூச்சை அடக்கும் வேலையை டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

பெல்ட்டும் இதோடு சேர்ந்ததுதான். அது முதுகுக்குக் கட்டுப்போடும் துணி கிடையாது, வயிறு எதிர்த்துத் தள்ள ஒரு சுவர். வயிற்றை இறுக்கத் தெரியாதவருக்குப் பெல்ட் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதை ஜிம் வாசலில் கட்டிக்கொண்டு பைசெப்ஸ் போட்டு முடித்துப் படி இறங்கும்வரை கழற்றாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.

ஷூவையும் சொல்லிவிடுகிறேன். ஓடுவதற்கான மெத்து மெத்து ஷூ டெட்லிஃப்டுக்கு ஆகாது, அமுங்கி முன்னால் சாய்க்கும். தட்டையான கேன்வாஸ் போதும். மழை மாதங்களில் வெறுங்காலோடு நிற்பதாக இருந்தால் மேட்டை முதலில் துடையுங்கள், ஈர ரப்பர் வழுக்கும்.

ஸ்குவாட்டில் முதுகு மாட்டிக்கொள்வது வேறு விதம். தோளில் கம்பியோடு கீழே போகும்போது ஒரு கட்டத்தில் இடுப்பெலும்பு உள்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் வீடியோ எடுத்தால் தெரியும். அந்த இடத்துக்கு ஒரு அங்குலம் மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அதுதான் இன்றைக்கு உங்கள் ஆழம். "நான் இந்தியன் டாய்லெட்ல உக்கார்ந்து பழகினவன், எனக்கு ஃபுல் டெப்த் வரும்" என்பார்கள். அங்கே உட்காரும்போது முதுகு நன்றாக வளைந்துதான் இருக்கிறது, தோளில் எடை இல்லாததால் ஒன்றும் ஆவதில்லை. கணுக்கால் மடங்காததும் ஒரு காரணம். குதிகாலுக்கு அடியில் இரண்டரை கிலோ தட்டு வைத்துப் பார்த்தால் பல பேருக்கு உடனே வித்தியாசம் தெரியும். எழும்போது பிட்டம் முதலில் கிளம்பி நெஞ்சு குனிந்தபடியே தங்கினால், அது ஸ்குவாட்டே இல்லை, கால் கைவிட்ட எடையை முதுகு சுமக்கிறது. இரண்டு தட்டைக் கழற்றுங்கள்.

குனிந்தபடியே கம்பியை வயிற்றுப் பக்கம் இழுக்கிற பென்ட் ஓவர் ரோ என்று ஒன்று இருக்கிறது, டெட்லிஃப்ட் போட்ட அதே நாளில் அதையும் போட்டுவிட்டுப் பழியை டெட்லிஃப்ட் மேல் போடுகிறவர்கள் ஏராளம். களைத்த முதுகோடு குனிந்தே நிற்கிற வேலை அது. வேறொரு நாளைக்குத் தள்ளி வையுங்கள், அல்லது பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்துப் போடுங்கள்.

இனி மும்பைக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல். வேலைக்குப் போக ரயிலைப் பிடிக்க வேண்டும், அதனால் ஜிம் என்றாலே விடியற்காலை. எழுந்து, முகம் கழுவி, நேராகக் கம்பிக்குக் கீழே. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வுகள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன, காலையில் எழும்போது நாம் ஒரு செ.மீ.க்கு மேலேயே உயரமாக இருக்கிறோம். அந்த நேரத்தில் குனிந்தால் ஜவ்வின் மேல் விழும் இழுவிசை பகலைவிட அதிகம். கூடிய உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. 1998ல் வெளிவந்த ஒரு ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைக் காலையில் எழுந்ததும் குனிவதைத் தவிர்க்கச் சொன்னார்கள், அவர்களுக்கு வலி குறைந்தது. அதனால் விடியற்காலை டெட்லிஃப்ட் போட்டே தீருவேன் என்றால் எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுப் போடுங்கள். முடியாவிட்டால் காலையில் பெஞ்ச், புல்‑அப் என்று வைத்துக்கொண்டு டெட்லிஃப்டை ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எடையை எப்படிக் கூட்டுவது என்பதும் முதுகு விஷயம்தான். நிறைய ஜிம்களில் 1.25 கிலோ தட்டே இருக்காது. சின்ன அடி எடுத்துவைக்க வழியில்லாமல் ஆட்கள் ஒரே தாவலாக 10 கிலோ ஏற்றுகிறார்கள். சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், செலவு பெரிதாக ஆகாது. கம்பியின் எடையையும் தெரிந்துகொள்ளுங்கள். போட்டிக் கம்பி ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. நம் ஜிம்மில் கிடக்கும் உருக்கு ராடு அதில் எதுவாகவும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை, வேறொரு ஜிம்முக்குப் போய் "நான் வழக்கமா இவ்வளவு போடுவேன்" என்று ஏற்றினால் கணக்கு உதைக்கும். எங்கள் ராடை ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய் எடை போட்டோம். தாராவி 13ஆம் காம்பவுண்டில் பழைய இரும்பு எடுக்கிற கடைகளில் தராசுக்கா பஞ்சம்? கடைக்காரர் ராடைக் கடைசிவரை விற்கத்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்று நம்பினார்.

முதுகைப் பலப்படுத்தத் தனியாக என்ன செய்வது என்றால், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் சொல்லும் மூன்று பயிற்சிகள் போதும்: ஒரு காலை மடக்கிப் படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் லேசாக எழுப்புவது, பக்கவாட்டுப் பிளாங்க், நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஒழுங்காகச் செய்தால் வயிறு நடுங்கும். மீராபாய் சானுவே 2018ல் முதுகுத் தொல்லையால் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போக முடியாமல், பிறகு அமெரிக்காவில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி எடுத்துவிட்டு வந்துதான் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். முதுகு பிடித்துவிட்டது என்றால் இரும்போடு உறவு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பிடித்துவிட்டால் என்ன செய்வது? சாதாரணப் பிடிப்புக்குப் படுத்த படுக்கையாகக் கிடப்பது நல்லதில்லை என்பதுதான் இப்போதைய மருத்துவ வழிகாட்டல். வலி தாங்குகிற அளவுக்கு நடமாட வேண்டும். உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடவும் வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டி 2015ல் வந்த ஒரு ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி இருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. ஆனால் காலில் பலம் குறைகிறது, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போகிறது, சிறுநீர் வரவில்லை, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது என் தனிப்பட்ட எரிச்சல். கம்பியைத் தொடும்போது அவ்வளவு பதனமாக இருப்பவர்கள், செட் முடிந்ததும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, தரையில் கிடக்கும் 20 கிலோ தட்டை ஒற்றைக் கையால் குனிந்து எடுத்து, அப்படியே இடுப்பைத் திருகி ஸ்டாண்டில் மாட்டுகிறார்கள். மூச்சும் அடைக்கவில்லை, வயிறும் இறுகவில்லை. அந்தப் பையனையும் இதற்காக இரண்டு தடவை கத்திவிட்டேன். தட்டுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள், இரண்டு கையாலும் எடுத்து வயிற்றோடு ஒட்டிப் பிடியுங்கள், திரும்ப வேண்டுமானால் இடுப்பை விட்டுவிட்டுக் காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள்.